இந்த வாரம் அடுப்படி யார் முறை?

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



மார்த்தா, மரியா நற்செய்தி வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமைகளில், கோயிலிலிருந்து வீடு திரும்பும் தாய்மார்கள் பலருடைய மனத்தில் ஒரு சிறு வருத்தம் இருக்கும். மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டார் என்று மறையுரையில் கேட்டாயிற்று. வீட்டுக்கு வந்ததும் கறி கழுவ வேண்டும், தேங்காய் அரைக்க வேண்டும், வந்திருக்கும் உறவினர்களுக்கு இலை போட வேண்டும். 'எல்லாரும் மரியாவாகி உட்கார்ந்துவிட்டால் சோறு யார் ஆக்குவது?' இந்தக் கேள்வியை அவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனாலும் அது நியாயமான கேள்வி.

நம்மிடம் அதற்கு ஒரு விடை தயாராக இருக்கிறது. 'சமையலும் இறைபணிதான், அதுவும் ஓர் அழைத்தல்தான்' என்போம். இது உண்மையான விடை. ஆனால் இதை யார் சொல்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். சாப்பிடுகிறவர் சமைத்தவரைப் பார்த்து, 'உங்கள் வேலை புனிதமானது' என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடலாம். அப்படிச் சொல்லும்போது அந்த உண்மை ஒரு சுமையாகிவிடும். திரு அவை இந்தக் கேள்வியோடு பல நூற்றாண்டுகள் போராடியிருக்கிறது. சில இடங்களில் மிக அழகாக விடை கண்டது. சில இடங்களில் தான் கண்ட விடையையே மறந்தும் போனது. அந்த வரலாற்றை இன்று சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

மார்த்தாவின் உண்மையான குறை

முதலில் நற்செய்தியையே கவனிப்போம். மார்த்தா சமைப்பதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. தன்னைத் தனியே வேலை செய்ய விட்டுவிட்டார்கள் என்பதே அவருடைய குறை. இயேசுவும் சமையலைக் கண்டிக்கவில்லை. மார்த்தாவின் கவலையையும் கலக்கத்தையும் பற்றித்தான் பேசினார். யோவான் நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில், பாஸ்கா விழாவுக்கு ஆறு நாள்களுக்கு முன் பெத்தானியாவில் நடந்த விருந்திலும் மார்த்தா உணவு பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறார். அங்கே குறையும் இல்லை, கண்டிப்பும் இல்லை.

அதே நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இரவெல்லாம் வலை வீசிக் களைத்துப்போன சீடர்களைச் சாப்பிட அழைக்கிறார். சாவை வென்றவர் செய்த வேலைகளில் ஒன்று, காலை உணவு தயாரித்தது. சில நாள்களுக்கு முன் பேதுரு கரிநெருப்பின் அருகே நின்றுதான் அவரை மறுதலித்திருந்தார். இப்போது இன்னொரு கரிநெருப்பின் அருகே, சாப்பிட்டு முடிந்த பிறகு, அவர் மன்னிப்புப் பெறுகிறார்.

தொடக்கத் திரு அவையில் எழுந்த பெரிய சச்சரவுகளில் ஒன்றும் சாப்பாட்டைப் பற்றியதே. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீட்டைத் திருத்தூதர் பணிகள் நூலின் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. திருத்தூதர்கள் இறைவேண்டலுக்கும் இறைவார்த்தைப் பணிக்கும் தங்களை அளித்தார்கள். ஆனால் பந்திப் பணியை யாரிடமாவது தள்ளிவிட்டுப் போய்விடவில்லை. தூய ஆவியும் ஞானமும் நிறைந்த எழுவரைத் தேர்ந்து, அவர்கள்மேல் கைகளை வைத்து இறைவேண்டல் செய்தார்கள். நம் முதல் மறைசாட்சியான புனித ஸ்தேவான் அப்படிப் பந்திப் பணிக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

எல்லாருக்கும் முறை வைத்த புனிதர்

இந்த எண்ணத்தை ஒரு சட்டமாகவே எழுதி வைத்தவர் புனித பெனடிக்ட். நம் முன்னோர் இவரை ஆசீர்வாதப்பர் என்று அழைத்தார்கள். ஏறத்தாழ 480-ஆம் ஆண்டில் இத்தாலியின் நூர்சியாவில் பிறந்தவர். மோந்தே கசினோ மலையில் மடம் அமைத்தவர். துறவியருக்காக அவர் எழுதிய ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள் உண்டு. அதில் 35-ஆம் அதிகாரம் அடுப்படியைப் பற்றியது.

அக்கால உரோமைச் செல்வர் வீடுகளில் சமையல் அடிமைகளின் வேலை. பெனடிக்டின் மடத்திலோ உயர்குடி மக்களும் இருந்தார்கள், அடிமைகளாக இருந்து விடுபட்டவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அவர் வைத்த சட்டம் இது: சகோதரர்கள் ஒருவருக்கு ஒருவர் பணிவிடை செய்ய வேண்டும். நோயுற்றவர், முக்கியமான வேறு பொறுப்பில் இருப்பவர் தவிர யாருக்கும் சமையற்கட்டு வேலையிலிருந்து விலக்கு இல்லை. வாரத்துக்கு ஒரு முறை ஆள் மாறும். அந்த வேலையால் அன்பு வளர்கிறது என்பதே அவர் சொன்ன காரணம்.

அந்த அதிகாரத்தில் உள்ள நுணுக்கங்களைப் பாருங்கள். உடல் வலு இல்லாதவர்கள் மனம் நொந்துபோகாதபடி அவர்களுக்குத் துணையாள் கொடுக்க வேண்டும். பரிமாறுகிறவர்கள் முணுமுணுக்காமல் வேலை செய்ய, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே அவர்களுக்கு வழக்கமான பங்குக்கு மேல் கொஞ்சம் ரொட்டியும் பானமும் தர வேண்டும். பசித்த வயிற்றோடு பிறருக்குப் பரிமாறுவது எவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை முறை முடிக்கிறவர் எல்லாவற்றையும் துப்புரவு செய்து, சகோதரர்கள் கை கால் துடைத்த துண்டுகளைத் துவைத்துப் போட வேண்டும். முறை முடிக்கிறவரும் முறை ஏற்கிறவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். நாம் பெரிய வியாழனன்று ஆண்டுக்கு ஒரு முறை செய்வதை, அந்த மடத்துச் சமையற்காரர்கள் வாரந்தோறும் செய்தார்கள்.

பிறகு பாத்திரங்களைக் கழுவி, உடையாமல், உக்கிராணப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அவற்றை எண்ணிப் பார்த்து, அடுத்தவர் கையில் கொடுப்பார். அந்தப் பொறுப்பாளர் மடத்தின் பாத்திர பண்டங்களை எல்லாம் பலிபீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலவே மதிக்க வேண்டும் என்று 31-ஆம் அதிகாரம் சொல்கிறது. நம் வீட்டுச் சோற்றுப் பானையையும் திருப்பலிக் கிண்ணத்தையும் ஒரே மரியாதையோடு பார்க்கச் சொல்கிறார் புனிதர்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைப் புகழ்மாலை முடிந்ததும், முறை முடித்தவரும் முறை ஏற்பவரும் செபக்கூடத்தில் எல்லார் முன்பும் பணிந்து தங்களுக்காக மன்றாடும்படி கேட்பார்கள். முடித்தவர் இறைவனுக்கு நன்றி சொல்வார். தொடங்குபவர் இறைவனின் துணையை வேண்டுவார். இருவரும் ஆசீர் பெறுவார்கள். அடுப்படிப் பணி தொடங்குவதும் முடிவதும் செபக்கூடத்தில்தான்.

எல்லாரும் இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்களா? திருத்தந்தை புனித பெரிய கிரகோரியார் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு நாள் மாலை பெனடிக்ட் உணவருந்துகையில், ஓர் அதிகாரியின் மகனான இளந்துறவி விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். 'இவர் யார், நான் இவருக்கு விளக்குப் பிடிக்க?' என்று அவர் உள்ளம் கசந்தது. வாயால் எதுவும் சொல்லவில்லை. பெனடிக்ட் அதை உணர்ந்து, இதயத்தின்மேல் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளும்படி அவரிடம் சொன்னார். விளக்கை வேறொருவர் கையில் கொடுக்கச் செய்து, அவரைப் போய் உட்காரச் சொன்னார். பணிவிடைதான் நம் பெருமைக்கு வைக்கப்படும் பரிசோதனை. அந்த இளைஞருக்கு நேர்ந்தது நமக்கும் நேர்கிறது.

முறை மறைந்த கதை

இந்த அழகான ஏற்பாடு எல்லா இடங்களிலும் நிலைக்கவில்லை. துறவியர் பலர் குருக்களாகி, இலத்தீன் திருப்பாடல்களைப் பாடும் நேரமும் படிப்பும் கூடியபோது, கைவேலைக்கு வேறு ஆள்கள் தேவைப்பட்டார்கள். 11-ஆம் நூற்றாண்டு முதல் மடங்களில் பணிச் சகோதரர்கள் என்ற தனி வகுப்பு உருவானது. சிஸ்டர்சியன் சபையில் இவர்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். நல்ல நோக்கமும் இதில் இருந்தது. எழுத்தறியாத ஏழை உழவர்களுக்கும் துறவு வாழ்வின் கதவு திறந்தது. ஆனால் அவர்களுக்குக் கோயிலில் தனி இடம், தனி உணவறை. மடத்தின் முடிவுகளில் குரல் கிடையாது. பெனடிக்ட் எல்லாருக்கும் வைத்த முறை, ஒரு சிலரின் வாழ்நாள் வேலையாயிற்று.

இதற்கு எதிரான குரல்களும் அவ்வப்போது எழுந்தன. அவற்றுள் ஒன்று 16-ஆம் நூற்றாண்டில் அவிலா புனித தெரேசாவின் குரல். 1562-இல் அவிலா நகரில் புனித யோசேப்பு மடத்தைத் தொடங்கிய அவர், துப்புரவு வேலைக்கான முறைப்பட்டியல் மடத் தலைவியின் பெயரிலிருந்தே தொடங்க வேண்டும் என்று சட்டம் எழுதினார். சமையற்கட்டு வேலையால் தியானம் கெடுகிறதே என்று வருந்திய சகோதரிகளுக்கு, அங்கே பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் இருக்கிறார் என்று ஆறுதல் சொன்னார். தலைவியும் துடைப்பத்தை எடுத்ததால், அவர் சொன்னதை அந்தச் சகோதரிகளால் நம்ப முடிந்தது.

பாரிஸ் மடத்துச் சமையற்காரர்

தெரேசா சீர்திருத்திய அந்தக் கார்மேல் சபையில், அடுத்த நூற்றாண்டில், ஒரு பணிச் சகோதரர் சேர்ந்தார். இயற்பெயர் நிக்கோலா ஹெர்மன். 1614-ஆம் ஆண்டளவில், லொரேன் பகுதியில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில், பனிக்காலத்தில் இலை உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். இன்னும் சில மாதங்களில் இதில் இலையும் பூவும் காயும் வரும் அல்லவா என்று நினைத்தார். அந்த எளிய நினைப்பில் கடவுளின் பராமரிப்பு அவர் உள்ளத்தைத் தொட்டது. ஆனால் உடனே மடத்துக்குப் போய்விடவில்லை. முப்பது ஆண்டுப் போரில் சிப்பாயாக இருந்தார். ஒற்றர் என்று சந்தேகித்துப் பிடித்தார்கள், தூக்கில் போடுவோம் என்று மிரட்டினார்கள். 1635-இல் காயமடைந்து, கால் ஊனமாயிற்று. பிறகு ஒரு பெரிய மனிதரின் வீட்டில் ஏவலாளாக இருந்தார். எதைத் தொட்டாலும் உடைத்துவிடும் விகாரமான ஆளாகவே அங்கே இருந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்தார்.

1640-இல் பாரிஸ் நகரில் வோழிரார் தெருவிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்து, உயிர்ப்பின் சகோதரர் லாரன்ஸ் என்ற பெயர் பெற்றார். அவருக்குக் கிடைத்த வேலை சமையற்கட்டு. ஏறத்தாழ 15 ஆண்டுகள் அங்கே இருந்தார்.

சகோதரர் லாரன்சுக்கு இயல்பிலேயே சமையல் வேலை பிடிக்காது. அவருக்கு அதில் மிகுந்த வெறுப்பு இருந்தது. இதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மடத்தில் சேர்ந்த முதல் 10 ஆண்டுகள் உள்ளத்திலும் அவருக்கு அமைதி இல்லை. தம் பாவங்களை நினைத்து, மீட்பே கிடைக்காதோ என்று அஞ்சித் தவித்தார். அவருடைய புகழ்பெற்ற அமைதி, நீண்ட இருட்டுக்குப் பின் வந்தது.

அந்த அமைதியை அவர் எப்படிக் கண்டடைந்தார்? ஒவ்வொரு வேலையையும் தொடங்கும் முன் கடவுளோடு இரண்டு வார்த்தை பேசினார். வேலை நடக்கும்போதும் பேசினார். முடிந்ததும் சரியாகச் செய்தோமா என்று பார்த்தார். சரியாக இருந்தால் நன்றி சொன்னார், தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்டார், சோர்ந்து போகாமல் அடுத்த வேலைக்குப் போனார். சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதையும் கடவுள் அன்புக்காகவே செய்தார். வேறு வேலை இல்லாத நேரத்தில் தரையில் விழுந்து வணங்கிவிட்டு எழுந்தார். நாலு பக்கமிருந்தும் ஆள்கள் ஆளுக்கொன்று கேட்கும் சமையற்கட்டு இரைச்சலில், நற்கருணை முன் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதி தமக்கு இருந்ததாகச் சொன்னார்.

மடத்துக்குத் திராட்சை இரசம் வாங்கி வர அவரைத் தொலைதூரம் அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாதவர், கால் வேறு ஊனம். படகில் பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டுதான் அவரால் நகர முடிந்தது. 'ஆண்டவரே, இது உம்முடைய வேலை' என்ற பொருளில் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். காரியம் நன்றாகவே முடிந்தது. பின்பு கால் நோய் முற்றியபோது, உட்கார்ந்து செய்யும்படி செருப்புத் தைக்கும் வேலை கொடுத்தார்கள்.

அவருடைய பெயர் மெல்ல வெளியே பரவியது. 1666-இல் ஜோசப் தெ போஃபோர் என்ற குரு அவரைச் சந்தித்து உரையாடத் தொடங்கினார். பிற்காலத்தில் ஒரு பேராயரின் முதன்மைக் குருவாக விளங்கியவர் இவர். படித்த குரு, சமையற்காரரிடம் இறைவேண்டல் கற்றுக்கொண்டு போய்க் குறிப்பெழுதினார். 1691 பிப்ரவரி 12-இல் சகோதரர் லாரன்ஸ் இறந்தார். அவருடைய கடிதங்களையும் குறிப்புகளையும் போஃபோர் அச்சிட்டார். அந்தச் சிறு நூல் கத்தோலிக்கர் அல்லாதவர்களாலும் இன்றுவரை வாசிக்கப்படுகிறது. அவர் புனிதராக அறிவிக்கப்படவில்லை. கடைசிவரை பணிச் சகோதரராகவே இருந்தார்.

இரண்டு பாடங்கள்

அன்பார்ந்தவர்களே, லாரன்ஸின் வாழ்வைச் சொல்லிவிட்டு, 'பாருங்கள், அடுப்படியில் நின்றே புனிதராகலாம், ஆகவே அங்கேயே நில்லுங்கள்' என்று முடிப்பது எளிது. அது நேர்மையான முடிவு ஆகாது. அவருடைய புனிதம் அவரை அங்கே நிறுத்திய ஏற்பாட்டுக்கு நற்சான்றிதழ் ஆகிவிடாது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், துறவு வாழ்வைப் புதுப்பிப்பது பற்றிய தன் ஆணையில், பணிச் சகோதரர்களைக் குழு வாழ்வோடு நெருங்கி இணைக்கவும், பெண் துறவியர் மடங்களில் சகோதரிகள் ஒரே வகையினராக இருக்கவும் வழிகாட்டியது. பெனடிக்டின் ஞானத்தை நோக்கித் திரு அவை திரும்பி வந்தது என்று இதைச் சொல்லலாம்.

ஆகவே இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று சமைக்கிறவருக்கு, மற்றொன்று சாப்பிடுகிறவருக்கு. இரண்டையும் இடம் மாற்றிவிடக் கூடாது.

சமைக்கிறவருக்கு லாரன்ஸ் சொல்வது: வேலை பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, மனம் வறண்டிருந்தாலும் பரவாயில்லை. உலை கொதிக்கும் நேரத்தில் ஆண்டவரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். செபமாலை சொல்ல நேரம் கிடைக்கவில்லையே என்று குற்றவுணர்வு கொள்ளாதீர்கள். அடுப்பு முன் நிற்கும் உங்களை விட்டு ஆண்டவர் விலகிப் போகவில்லை.

சாப்பிடுகிறவருக்குப் பெனடிக்ட் சொல்வது: முறை எடுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு வேளையாவது அடுப்படி உங்கள் பொறுப்பாகட்டும். சமைக்கத் தெரியாவிட்டால் பாத்திரம் கழுவத் தெரியும், காய் நறுக்கக் கற்றுக்கொள்ளலாம். வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடும் தாய்க்கு, முதலில் ஒரு வாய் உண்ணக் கொடுங்கள். பெண் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை ஆண் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இது வீட்டோடு முடிவதில்லை. பங்கு இல்லத்துச் சமையற்கட்டைப் பல ஊர்களில் இன்னமும் குசினி என்றே சொல்கிறோம். போர்த்துக்கீசியர் வழி வந்த சொல் அது. அங்கே வேலை செய்யும் குசினிக்காரர், மடத்திலும் விடுதியிலும் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடும் அம்மா, இவர்களுக்கு நியாயமான சம்பளம் உண்டா, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா, உடம்புக்கு முடியாதபோது துணையாள் உண்டா? மணியடித்ததும் உணவு மேசைக்கு வந்து அமரும் என்னைப் போன்ற குருக்கள்தான் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

திருவிழா நாளை நினைத்துப் பாருங்கள். கோயிலில் ஆடம்பரத் திருப்பலி நடந்துகொண்டிருக்கும். பின்பக்கத்தில், அசனத்துக்காக விடியுமுன்பே விறகு மூட்டிய சிலர், புகையில் கண் எரிய, அண்டாவைக் கிண்டிக்கொண்டு நிற்பார்கள். ஒலிபெருக்கியில் பாட்டும் மறையுரையும் அவர்களுக்குக் கேட்கும். பீடத்தைப் பார்க்க முடியாது. முடிவில் நன்றி சொல்லும்போது நன்கொடையாளர் பெயர்கள் வாசிக்கப்படும். சமைத்தவர்கள் பெயர் பெரும்பாலும் அந்தத் தாளில் இருக்காது.

பெனடிக்ட் தம் மடத்துச் சமையற்காரர்களைச் செபக்கூடத்துக்கு அழைத்து, எல்லார் முன்னிலையிலும் ஆசீர் வழங்கச் சொன்னார். நம் பங்கிலும் அதைச் செய்வது கடினமல்ல. அடுத்த திருவிழாவுக்கு முந்தின நாள் திருப்பலியில், சமைக்கப் போகிறவர்களைப் பீடத்தின் முன் அழைத்து, அவர்களுக்காக மன்றாடி, ஆசீர் பெற்று அனுப்பலாம். திருவிழா முடிந்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெயர்களை வாசித்து நன்றி சொல்லலாம். அன்று அண்டா கழுவுவது வேறு யாராவது செய்யட்டும். பங்குப் பேரவையினர் தொடங்கி வைத்தால் இன்னும் நல்லது.

மேலறையில் சீடர்களின் பாதங்களைக் கழுவி, தம்மையே உணவாகத் தந்தவர் நம் ஆண்டவர். அவருடைய பந்தியில் உண்டு எழுந்த நாம், இன்று வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்: இந்த வாரம் அடுப்படி யார் முறை?

இறைவன் உங்களையும், உங்களுக்குச் சோறிடும் கைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.